எல்லப்பன் குதிரைக்கு நாந்தானுங் கொரலு

ஏப்பா, உக்காருங்கப்பா எல்லாரும். பேச்ச நிறுத்துங்க. வையாபுரி, அந்தப் பொரியக் கொறிக்கறத மொதல்ல நிறுத்து, பீரோவுக்குள்ள எலி பூந்த மாதிரி இருக்குது. நல்லசிவம், நீ எதுக்கு இப்ப கொடியில கெடக்கற வேட்டிய மடிச்சுட்டு நிக்கற? ஊட்டு வேலைய நாளைக்குப் பாரு, உக்காரு. சார் வந்திருக்கறாரு. கீழ்ப் போர்சனுக்குக் குடி வந்து பத்து நாளாச்சு, பேங்குல ஆபீசரு, தஞ்சாவூருப் பக்கம். ஞாயித்துக்கெழம மத்தியானமானா மொட்டமாடில என்னடா கூத்துன்னு பாக்க ஏறி வந்திருக்கறாரு. வந்த மனுசனுக்கு நம்ம கதையச் சொல்ல வேணாமா?

உக்காருங்க சார். அந்தச் சேருலயே உக்காருங். என்ற வலது கைப் பக்கம். அது ஒருத்தரோட எடந்தான். முப்பத்திரண்டு வருசமா ஒரே ஆளு உக்காந்த எடம். இப்பக் காலி. பரவால்லீங், சூடு ஆறி மூணு மாசமாச்சு.

படம் போட இன்னும் நேரங்கெடக்குது. போடற ஆளு தட்டுவடை செட்டு வாங்கியாரப் போயிருக்கறாரு. இந்தப் பொட்டியத் தொறக்கற மந்திரம் அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும். நம்ம கையி பட்டாத் தீட்டு. அவரு வாரதுக்குள்ள நாஞ் சொல்லி முடிச்சுப்போடறேன். அவரு இருக்கையில சொன்னா, காளிக்குப் பொறாமைம்பாங்க. எனக்குப் பொறாமையெல்லாம் இல்லீங். எங்க வம்சத்துலயே அந்த வியாதி கெடையாது. எங்கப்பனுக்குச் சக்கரை இருந்துச்சு, எங்கம்மாளுக்கு மூட்டுவலி இருந்துச்சு, பொறாமை மட்டும் ஒருத்தருக்கும் வந்ததில்லீங்.

என்ன வையாபுரி இருமற? பொரி பொறைக்கேறிருச்சா? தண்ணியக் குடி.

என்ற பேரு காளியண்ணன். சவுண்டு காளின்னு கேட்டீங்கன்னா பள்ளிபாளையத்துல பால்காரங்கூட ஊடு காட்டுவான். படிப்பு அஞ்சாவது. அஞ்சாவது வாத்தியாரு மூக்குப்பொடி போட்டுட்டு வாய்ப்பாடு சொல்றத அப்புடியே செஞ்சு காட்டிட்டிருந்தேன். புள்ளைங்க சிரிச்சுட்டிருந்ததுங்க திடீர்னு சிரிக்கல. என்னடா இது நம்ம தொழிலு படுத்துருச்சேன்னு திரும்பிப் பாத்தா, பொடனிக்குப் பின்னாடி வாத்தியாரு. அதோட படிப்பு முடிஞ்சுது. அப்பறம் தறி.

இவனுங்களும் தறிதான். நல்லசிவம் மொதலாளி பையன், நாங்க தறி ஓட்டுன பட்டறை இவங்கப்பனோடது. வையாபுரி தறி மேஸ்திரி, தறி நின்னா ஸ்பேனரத் தூக்கிட்டு வருவான், வந்து ரெண்டு தட்டுத் தட்டுவான், ஓடும், ஆனா நெலைக்காது. அப்பறம் அதா, டிவிக்குப் பக்கத்துல, செவுத்தோரமா, அய்யனாரு செலையாட்ட உக்காந்திருக்கறானே, அவன் அர்த்தநாரி. என்ற பக்கத்துத் தறிக்காரன். நான் ஒரு நாளைக்குப் பேசறத அவன் ஒரு வருசத்துக்குப் பேசுவான். கல்யாணத்துல அய்யரு சொல்லச் சொன்ன மந்திரத்துக்கெல்லாம் "உம்"முன்னே ஒப்பேத்துனவன். அய்யரு கடுப்பாயி, "தாலியாச்சும் சத்தமா கட்டுங்க"ன்னாராம்.

அவங்கூடத்தான் சார் எனக்கு ஒரியாட்டம், சண்டை.

என்னடா பாக்கற? உன்னையத்தான் சொல்றேன். பாக்கறான் பாருங், எப்புடிப் பாக்கறான்னு. பாரு பாரு, நல்லாப் பாரு.

ஆரம்பத்துலருந்து சொல்றேங். தறிப்பட்டறைன்னா எந்நேரமும் டக்கு டக்கு டக்குன்னு இருக்கும், பக்கத்துல இடி உழுந்தாலும் தெரியாது. வருசத்துல ஆயுத பூசை அன்னைக்கு மட்டுந்தான் தறி நிக்கும். அந்த வருசம் மொதலாளிக்கு என்ன தோணுச்சோ, ஒரு டிவியும் டெக்கும் வாடகைக்குப் புடிச்சாந்து, சந்தனம் குங்குமம் வெச்ச தறி மேலயே ஏத்தி வெச்சுட்டாரு. கேசட்டு வாங்கியாரப் போனவன் யாரு? வையாபுரி. இவன் ஆடி அசைஞ்சு போறதுக்குள்ள நல்ல படமெல்லாம் வாடகைக்குப் போயிருச்சு. கடைக்காரன் ஒரு மூலையில கெடந்தத ஊதித் தொடைச்சுக் குடுத்து உட்டிருக்கறான். "ஏழுகிணத்து எல்லப்பன்".

அந்தப் படம் வந்தப்ப எல்லா ஊர்லயும் நாலு நாள்ல பொட்டிக்குள்ள போயிருச்சுங். எங்கூர்ல மட்டும் முப்பத்திரண்டு வருசமா ஓடுது. ஏன்னு கேளுங். கேளுங் சார். ஆங்!

போட்டா, படம் வருது, சத்தம் வரல. வையாபுரி டெக்கத் தட்டறான், கவுக்கறான், கேசட்ட உருவி ஊதறான், வேட்டில தொடைக்கறான். ம்ஹூம். அறுவது எழுவது பேரு பொண்டு புள்ளையோட உக்காந்திருக்கறாங்க, மடியில பொரியும் கடலையுமா. வெளிய மழை ஊத்துது, எந்திரிச்சுப் போகவும் வழியில்ல. மொதலாளி மூஞ்சி செத்துப்போச்சு. அந்நேரம் பாருங், திரையில ஒரு குதிரை வருது. எல்லப்பன் வாளத் தூக்கிட்டு ஏறி உக்காந்து அதும் பொடனில ஒரு தட்டுத் தட்டறான். குதிரை திரும்பி ஒரு பார்வை பாத்துச்சுங். நூலு மூட்டையத் தூக்கச் சொன்னா வையாபுரி ஒரு பார்வை பாப்பான், அச்சு அசலு அதேதான். என்ற வாயி சும்மா இருக்குமா?

"ஏனுங் எல்லப்பா... சண்ட உனக்கு... ஓட்டம் எனக்கா?"

இப்புடி இழுத்தேன் பாருங், மூக்குல. பட்டறையே அதிர்ந்துபோச்சு. பொம்பளைங்க வாயிலருந்து பொரி பறக்குது. மொதலாளி சிரிச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன், அவருக்கு மேல் பல்லு ரெண்டு இல்லைங்கறதே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. "டேய் காளி, உடாதடா, பேசுடா"ன்னாரு. நான் டிவிக்கு எதுத்தாப்புல உக்காந்தேன். எல்லப்பனுக்கு நானு, ஒத்தக்கண்ணு மிராசுக்கு நானு, புளியமரத்தடில மஞ்சச் சீலை கட்டிட்டு அழுவற பொண்ணுக்கு நானு, ஆத்தாக்காரிக்கு நானு, கோழிக்கு நானு, மழைக்கு நானு. ரெண்டே முக்கா மணி நேரம். முடிஞ்சப்ப என்ற தொண்டை எங்க இருக்குதுன்னே தெரியல.

அதுக்கப்பறம் ஊர்ல அந்தக் குதிரைப் பேச்சு சொல்லாத ஆளில்லீங். ஊட்டுல மாவரைச்சுத் தரச் சொன்னா மருமகனுங்க சொல்லுவாங்க, சண்ட உனக்கு ஓட்டம் எனக்கான்னு. போன எலெக்சன்ல ஓட்டுக் கேட்டு வந்தவங்கிட்ட ஒரு கெழவி சொல்லுச்சாம்.

அதுலருந்து வாரா வாரம். டெக்கு போயி சீடி வந்துச்சு, சீடி போயி பென்டிரைவு வந்துச்சு, பட்டறைய மூடி நல்லசிவம் ஊட்டு மொட்டமாடிக்கு வந்தோம். எல்லாம் பழைய படந்தான். எங்க வயசுல பாத்தது, பாக்க முடியாம உட்டது, சுவரேறிக் குதிச்சுப் பாத்தது. எதப் போட்டாலும் சத்தத்த நிறுத்திப்போட்டு நான் பேசோணும். ஒருக்கா யாரோ சத்தத்தக் கூட்டப் போனாங்க. அர்த்தநாரி எந்திரிச்சான். "சத்தத்த நிறுத்து. காளி பேசட்டும்." அவன் ஆயுசுக்கே அவ்வளவு நீளமாப் பேசுனது அன்னைக்குத்தான்.

உக்கார்ற வரிசை இதாங் சார். நடுவுல நானு. இடது பக்கம் நல்லசிவம், அவனுக்கு அந்தாண்ட வையாபுரி. வலது பக்கம், நீங்க உக்காந்திருக்கற எடத்துல, அர்த்தநாரி. நான் ஒரு பேச்சுப் பேசி அது நல்லா உழுந்துச்சுன்னு வைங்க, இவனுங்க கெக்கேபிக்கேன்னு சிரிப்பானுங்க. அவன் சிரிக்க மாட்டான். என்ற தொடையில ஒரு தட்டுத் தட்டுவான். பட்டுனு. அது வந்துச்சுன்னா வசனம் பாசு. வரலீன்னா அடுத்த வாரம் அத மாத்திப்போடுவேன். ஊரே கூடிக் கை தட்டுனாலும் எனக்கு வேணாமுங். அந்தத் தட்டு ஒண்ணுதான்.

மூணு மாசமா என்ற தொடை சும்மா கெடக்குதுங் சார்.

தியாகராசன்னு ஒருத்தரு. தட்டுவடை வாங்கப் போயிருக்கறாரே, அவருதான். நல்லசிவம் சம்சாரத்துக்குக் கூடப்பொறந்த அண்ணன். மெட்ராசுல ரயில்வேல இருந்து ரிட்டேராயி இங்கயே வந்துட்டாரு. தங்கமான மனுசனுங். நான் கொறை சொல்லல. நரைக்காத தலை, மடிப்புக் கலையாத சட்டை, தங்கச்சி அவருக்கு மட்டும் பித்தளை டபராவுல காப்பி கொண்டாந்து குடுக்குது, எங்களுக்கு எவர்சில்வரு டம்ளரு. குடிக்கட்டும். காப்பி உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான். நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கறவனா?

ஆனா அவரு வாயத் தொறந்தாருன்னா, "ஒரு சின்னத் தகவல்"ம்பாரு. கொரலு இப்புடி, ரேடியோவுல நியூஸ் வாசிக்கற மாதிரி. "ஒரு சின்னத் தகவல். இந்தக் காட்சியில் வருகின்ற குடை, தயாரிப்பாளருடைய மைத்துனருடைய குடை." குடை யாருதா இருந்தா என்னங் சார்? மழைக்குப் புடிச்சா நனையாம இருந்தாச் சரி! "ஒரு சின்னத் தகவல். இந்தச் சண்டைக் காட்சி பதினோரு நாள் எடுக்கப்பட்டது." இவனுங்க ரெண்டு பேரும், அப்புடீங்களா, அப்புடீங்களான்னு வாயில ஈ போறது தெரியாமக் கேக்கறானுங்க. நான் முப்பத்திரண்டு வருசமா அந்தச் சண்டைய வாயிலயே போடறேன், அடி உழுந்த சத்தம் உள்பட. அதுக்கு எத்தனை நாளாச்சுன்னு எவனாச்சும் கேட்டானா?

சரி, அதையும் பொறுத்துக்கிட்டேன். ஒரு ஞாயித்துக்கெழம அந்தப் பொட்டியத் தூக்கிட்டு வந்தாரு. இதா இந்த ஸ்பீக்கரு. குட்டி போட்ட பீரோவாட்ட நிக்குதே, இதுதான். "ஒரு சின்னத் தகவல். ஏழுகிணத்து எல்லப்பன் நல்ல ஒலியோடு கிடைத்துவிட்டது"ன்னாரு. எனக்கு வயித்துக்குள்ள என்னமோ உருண்டுச்சு. பொறாமையில்லீங், மத்தியானம் மொச்சைக்கொட்டைக் கொழம்பு.

போட்டாங்க. பேசுது. எல்லப்பன் பேசறான். பொம்பளைக் கொரலுங் அவனுக்கு! கீச்சுக் கீச்சுன்னு. நான் குடுத்த கொரலு என்ன, அடிவயித்துலருந்து வரும். அந்த நடிகன் பொறந்த பலனே நான் குடுத்த கொரலுதான். குதிரை வந்துச்சு. எல்லாரும் மூச்சப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறோம். குதிரை பாத்துச்சு. பாத்துட்டு, போயிருச்சுங். ஒண்ணுமே பேசல. ஒரு கனைப்புகூட இல்ல. வையாபுரி ஏமாந்துபோயி, "ஏங்க, இது வேற குதிரைங்களா?"ன்னு கேக்கறான்.

அதுகூடப் போகுதுங். அப்பறம் வந்துச்சு பாருங் கெரகம். அந்த மஞ்சச் சீலைக்காரி. முப்பத்திரண்டு வருசமா அவ எல்லப்பனுக்கு அத்தை மக. புளியமரத்தடில நின்னு அழுவா, எல்லப்பன் வந்து அவ கண்ணத் தொடைச்சு உடுவான். நான் என்ன பேசுவேன்? "உன்ற கழுத்துல தாலி ஏறாம என்ற மீசையில எண்ணெய் ஏறாது புள்ளே"ன்னு பேசுவேன். பொம்பளைங்கெல்லாம் மூக்குச் சிந்துவாங்க. எங்கூர்ல நாலு பேரு அந்த வசனத்தச் சொல்லிப் பொண்ணு கேட்டிருக்கறாங்க. இந்தப் பொட்டில அவ வாயத் தொறந்து, "அண்ணா!"ங்கறாளுங்.

அட சாமி! தங்கச்சி!

வையாபுரிதான் மெதுவா என்ற பக்கம் திரும்பி, "ஏன்டா காளி, கூடப்பொறந்தவளையாடா இத்தன வருசமாக் கட்டிக்கச் சொல்லிட்டிருந்த?"ன்னான். உடனே நான் உடல. "ஏன், அண்ணங்காரன் சொல்லக் கூடாதா? தங்கச்சி கழுத்துல தாலி ஏறாம மீசைக்கு எண்ணெய் வெக்க மாட்டேன்னு எந்த அண்ணனும் சொல்லுவான். பேச்சு சரியாத்தான் இருக்குது, உங்க புத்திதான் கெட்டுப்போச்சு"ன்னேன். சிரிச்சானுங்க. ஆனா அது பழைய சிரிப்பில்லீங். என்னைய வெச்சுச் சிரிச்ச சிரிப்பு. எனக்குத் தெரியாதா? சிரிப்புலதான நான் பொழைக்கறேன்.

நல்லசிவம் பஞ்சாயத்துப் பண்ணுனான். அப்பனாட்டவே. "சரிப்பா, பொட்டியும் ஓடட்டும், காளியும் பேசட்டும்." ஒரே மாடியில ரெண்டு பேரு. அது ஒரு பக்கம் கத்துது, நான் ஒரு பக்கம் கத்தறேன். உடுவனா? எல்லப்பன் ஒரு வரி பேசி முடிக்கறதுக்குள்ள நான் மூணு வரி பேசிப்போடுவேன்.

அன்னைக்குத்தானுங். நான் குதிரைக்கு வாயத் தொறக்கறேன், அர்த்தநாரி எந்திரிச்சான். சேரத் தூக்குனான். என்ற பக்கத்துலருந்து சேரத் தூக்கிட்டுப் போயி, அதா, அங்க, அந்தப் பொட்டிக்கு ஒட்டாப்புல, தியாகராசன் பக்கத்துல போட்டு உக்காந்துட்டான். அன்னைக்குப் போனவன்தான். அங்கிருந்து படம் தெரியுமாங் சார்? நீங்களே சொல்லுங். டிவி பக்கவாட்டுல இருக்குது. எல்லப்பன் மூக்கு மட்டுந்தான் தெரியும். கழுத்து ஒடிஞ்சுபோகும். படமே தெரியாட்டியும் பரவால்ல, தியாகராசன் பக்கத்துல இருந்தாப் போதும்! அவ்வளவு பெரிய ஒட்டுதலு. அதுலயும் அங்க உக்காந்துட்டு என்னையவே மொறைச்சுப் பாக்கறது. படத்தப் பாக்க மாட்டான். எம் மூஞ்சியவே பாப்பான். எப்புடிடா இருக்குதுன்னு கேக்கற மாதிரி. உங்களுக்கு எப்புடி இருக்கும்? வாயி மட்டும் பேசிட்டிருக்குது எனக்கு, உள்ள பத்திக்கிட்டு எரியுது.

பொறாமை இல்லீங். எரிச்சலு. ரெண்டும் வேற வேற.

ஒரு நாளு சந்தைப்பேட்டை டீக்கடை. எனக்கு முன்னாடி போயிட்டிருக்கறான். "டேய் அர்த்தநாரி"ன்னேன். திரும்பல. "டேய் அர்த்து"ன்னேன். நான் கூப்புட்டு டீக்கடைல இருந்த அத்தன பேரும் திரும்பிட்டாங்க, ஒரு நாயி கூடத் திரும்பிருச்சு. அவன் பாட்டுக்குப் போறான். ரயில்வே சகவாசம் வந்தா நம்மாளெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேக்காது. அன்னைக்கு முடிவு பண்ணுனேன். இனி அந்த மாடிப்படி மிதிக்கறதில்ல.

மூணு ஞாயித்துக்கெழம போகலீங். ஊட்டுலயே இருந்தேன். எங்கூட்டுக்காரி ருக்குமணி, "என்னங், இன்னைக்குப் போகலீங்களா"ன்னு மொத வாரம் கேட்டா. ரெண்டாவது வாரம் அணைஞ்சு கெடக்கற டிவி முன்னாடி உக்காந்து நானாக் குதிரை பேசிட்டிருந்ததப் பாத்துட்டு, "நான் வேணா போயி அவிங்களக் கூட்டியாரட்டுங்களா"ன்னா. "எவனும் வேணாம், நான் வேணும்னா அவிங்களே வரட்டும்"னேன். "அப்ப அந்தக் குதிரையக் கொஞ்சம் கொல்லையில கட்டுங்க, எனக்கு சீரியலு பாக்கோணும்"னுட்டா. எகத்தாளம் புடிச்சவ. என்ற பக்கத்துல இருந்து கத்துக்கிட்டது.

வந்தானுங். அன்னைக்கே சாயங்காலம் அர்த்தநாரி வந்தான். ஜன்னல் சந்துல பாத்தேன், கேட்டுக்கு வெளிய நிக்கறான். எனக்கு உள்ள குப்புன்னு ஆயிருச்சு. ஆனா மானம்னு ஒண்ணு இருக்குதில்லீங்? கதவத் தொறக்கல. உள்ளருந்தே சத்தம் போட்டேன். "எதுக்குடா வந்த? பொட்டி ரிப்பேராயிருச்சா?"ன்னேன். பேச மாட்டீங்கறான். "மன்னிப்புக் கேட்டாத்தான் கதவத் தொறப்பேன்"ன்னேன். நிக்கறான். "சரி, மன்னிப்பெல்லாம் வேணாம், கூப்புடவாச்சும் கூப்புடு, வாரேன்"ன்னேன். சார், நான் எறங்கி வந்து கேக்கறேன். கேட்டப் புடிச்சுட்டுக் கல்லாட்ட நிக்கறான். ஒத்த வார்த்தை. ஒரு "உம்"மு. அது சொன்னாக்கூட போயிருப்பேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, திரும்பி நடந்து போயிட்டான். அவ்வளவு திமிரு. நான் கதவுக்குப் பின்னாடியே உக்காந்திருந்தேன். ருக்குமணி காப்பி கொண்டாந்து வெச்சா, அது ஆறி ஆடை புடிச்சுருச்சு.

நாலாவது வாரம் மனசு கேக்கல. சும்மா இந்தப் பக்கம் வந்தேன், வெத்தலை வாங்க. தெருவுல நிக்கறேன், மாடியில சிரிப்பு. எப்புடிச் சிரிப்பு! நான் இருந்தப்பச் சிரிச்ச சிரிப்பு. நான் இல்லாம என்னடா சிரிக்கறானுங்கன்னு செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுட்டுப் படியேறி வந்து, அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்தேன்.

பொட்டி பேசல சார். சத்தம் நின்னு கெடக்குது. தியாகராசன் பேசிட்டிருக்கறாரு. எப்புடித் தெரியுங்களா? என்னையாட்டங். என்ற கொரலு, என்ற இழுப்பு, நான் மூக்க உறிஞ்சறது, தொடைய மாத்தித் தொடை போட்டு உக்கார்றது, எல்லாம்! "ஏனுங் எல்லப்பா... சண்ட உனக்கு..." என்னையவே எனக்கு முன்னாடி பண்றான். ஊரையே பண்ணிக் காட்டுனவன் நானு, என்னைய ஒருத்தன் பண்ணிக் காட்டறான். கண்ணுல தண்ணி வரச் சிரிச்சுட்டு நல்லசிவம் சொல்றான், "அப்பிடியே காளி வந்து உக்காந்த மாதிரியே இருக்குதுங் மச்சான், இன்னொருக்கா செய்ங்"கறான். நான் என்ன செத்தா போயிட்டேன்? வையாபுரி, "அந்தத் தங்கச்சி வசனத்தக் காளி சொல்ற மாதிரிச் சொல்லுங்"கறான். அதையும் சொல்றாரு. மஞ்சச் சீலைக்காரி மறுபடியும் அத்தை மகளாயிட்டா! நான் இருக்கறப்ப அது தப்பு, அந்தாளு சொன்னாச் சரியா?

ஒரு சின்னத் தகவல் சொல்லட்டுங்களா? நல்லாவே செஞ்சாருங். அதுதான் தாங்கல. கெட்டதாச் செஞ்சிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

அர்த்தநாரியப் பாக்கறேன். அவன் எங்க இருந்தான்னு நெனைக்கறீங்க? பொட்டிக்குப் பக்கத்துலயா? இல்லீங்! சேரத் தூக்கியாந்து பழைய எடத்துலயே போட்டு, படத்துக்கு நேரா, ஜம்முன்னு உக்காந்திருக்கறான். பாருங் அநியாயத்த. நான் இருந்தா அங்க ஓடறது, நான் இல்லாட்டி இங்க வாரது. என்ற சேரு பக்கத்துலயே காலியாக் கெடக்குது. அது மேல என்ற துண்டு. கோவத்துல மறந்து உட்டுட்டுப் போன துண்டு. அத எடுத்து நாலா மடிச்சுச் சேரு மேல போட்டு வெச்சிருக்கறாங்க. யாரோ ஒருத்தரு உக்கார வந்தாரு, நல்லசிவத்தோட பங்காளி ஒருத்தரு, அர்த்தநாரி கைய நீட்டித் தடுத்துட்டான். என்ற துண்டு பட்ட சேருல ஒருத்தரையும் உக்கார உடலைன்னா என்ன அர்த்தம்? எவ்வளவு வெறுப்பு பாருங் எம் மேல.

ஏன் சிரிக்கறீங்க சார்? நான் அழுதுட்டிருக்கறேன்.

வந்த வழியே எறங்கிப் போயிட்டேன். வெத்தலையும் வாங்கல. இன்னைக்கு வந்தது கூட அந்தத் துண்டுக்குத்தான். துண்ட எடுத்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன், சேருல உக்காந்துதான எடுக்கோணும், உக்காந்தேன், நீங்க வந்தீங்க, பேச வேண்டியதாப் போச்சு.

வண்டி சத்தம் கேக்குது. கீழ வந்துட்டாரு. தட்டுவடை வந்துருச்சு. அந்தாளு படியேறறதுக்குள்ள ஒண்ணு கேட்டுப்போடறேன். சார், நீங்க சாட்சி. நல்லசிவம், கையப் புடிக்காத, உடு. இன்னைக்குக் கேட்டே ஆவோணும்.

டேய் அர்த்தநாரி. இங்க பாரு. பாத்துட்டுத்தான் இருக்கறயா, சரி. பதினெட்டு வயசுலருந்து உன்ற பக்கத்துத் தறி நானு. உன்ற நூலு அறுந்தா நான் முடிச்சுப் போட்டேன், என்ற நூலு அறுந்தா நீ முடிச்சுப் போட்ட. இத்தன வருசத்துல உங்கிட்ட நான் எதாச்சும் கேட்டிருக்கறனா? இப்பக் கேக்கறேன். அந்தாளுகிட்ட என்னடா இருக்குது எங்கிட்ட இல்லாதது? என்ற பக்கத்துலருந்து எந்திரிச்சு, படங்கூடத் தெரியாத மூலையில, அந்தப் பொட்டிகிட்டப் போயி எதுக்குடா உக்காந்த? அது அவ்வளவு நல்லாவா பேசுது? சார் முன்னாடி சொல்லு. "உம்"முன்னு சொன்னீன்னா மண்டைய ஒடைச்சுப்போடுவேன். வாயத் தொறந்து சொல்லுடா!

"கத்தாத. கத்துனாலும் கேக்காது. ரெண்டு காதும் போயி நாலு மாசமாச்சு, எவங்கிட்டயும் சொல்லல. தறிக்குள்ள எப்புடிடா பேசிக்குவோம், வாயப் பாத்துத்தான? உன்ற பக்கத்துல உக்காந்தா உன்ற காதுதான் தெரியுது, வாயி தெரியறதில்ல. அதான் எதுக்க வந்து உக்காந்தேன். பொட்டிக்கு வாயேதுடா, நான் அதப் போயிப் பாக்கறதுக்கு?"